முதலாம் குறுக்குத் தெருவில் படகுக்கு மின் சாமான்: எதை வாங்கலாம், எதை விடவேண்டும்

படகில் தங்கிக்கொண்டு கரையிலிருந்து கரண்ட் எடுக்கவேண்டும் என்றால் கொழும்பில் எல்லோரும் கைகாட்டுவது புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவைத்தான். பாதிக்கு அது சரி. ஜெட்டிப் பக்கத்துக்கு வேண்டிய பெட்டி, பிரேக்கர், சொக்கட், எர்த் கம்பி எல்லாம் ஒரு காலைப்பொழுதில் அங்கேயே முடிந்துவிடும். படகுக்குள் போகும் சாமான்களில் நாலைந்து மட்டும் அந்தத் தெருவில் இருப்பதில்லை. இல்லை என்று சொன்னால் பரவாயில்லை. "இதுவும் அதே வேலைதான் செய்யும்" என்று வேறொன்றை எடுத்து மேசையில் வைப்பார்கள். அந்த வேறொன்றுதான் ஆளுக்கு ஷொக் அடிக்கவைக்கும், அல்லது படகின் அடிப்பாகத்து உலோகத்தை அரித்துவிடும்.

பொல்கொட ஏரியில் மொரட்டுவைப் பக்கமும் பாணந்துறைப் பக்கமும் கட்டியிருக்கும் படகு வீடுகள், நீர்கொழும்புக் களப்பின் உல்லாசப் படகுகள், ஆட்கள் வாரக்கணக்கில் தங்கும் பலநாள் மீன்பிடிப் படகுகள், வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கும் பாய்மரப் படகுகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவில் கட்டிய படகு என்றால் மட்டும் வேறு கதை. அதன் உள்வயரிங் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்ஃபோமர் வைத்து வோல்ட்டேஜைக் குறைக்கலாம், ஹேர்ட்ஸை மாற்றமுடியாது. 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த ஏசி கொம்பிரசர் நம்முடைய 50 ஹேர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றிச் சூடேறும். அப்படியான படகில் கரைக் கரண்ட்டைப் பற்றரி சார்ஜருக்கு மட்டும் கொடுத்து, மற்றதையெல்லாம் 60 ஹேர்ட்ஸ் இன்வேர்ட்டரில் ஓட்டுவதுதான் சுத்தமான வழி.

நீல பிளக்

"நானா, நீல இண்டஸ்ட்ரியல் பிளக், 16 அம்பியர், மூன்று பின்" என்று கேட்டால் கடைக்காரர் மறுகேள்வி இல்லாமல் எடுத்துத் தருவார். ஐ.இ.சி 60309 என்ற சர்வதேசத் தரத்தில் வரும் வட்ட பிளக் இது. 230 வோல்ட்டுக்கு நீலம், மூன்று பேஸ் 400 வோல்ட்டுக்குச் சிவப்பு, 110 வோல்ட்டுக்கு மஞ்சள். ஐரோப்பிய மரீனாக்களில், அதாவது படகுகள் கட்டி நிற்கும் துறைகளில், கொடுப்பதும் இதே நீலம்தான். ஆகவே இந்த ஒன்றில் கட்டட வேலைக்கு விற்கும் சாமானே படகுக்கும் சரி. எர்த் பின் மற்ற இரண்டையும் விடத் தடிப்பாக இருக்கும், சொக்கட்டை நேரே பார்த்தால் மணிக்கூட்டின் ஆறு மணி இடத்தில் வரும்.

16 அம்பியரா, 32 அம்பியரா? 16 என்றால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 3.7 கிலோவாட், 32 என்றால் 7.4. 12,000 பி.ரி.யு ஏசி ஒன்று ஏறக்குறைய 1.1 கிலோவாட் இழுக்கும். 12 வோல்ட் 50 அம்பியர் சார்ஜர் 0.8, கேத்தல் 2, ரைஸ் குக்கர் 0.7. நான்கும் ஒன்றாக ஓடினால் 4.6. கேத்தல் கொதிக்கும் ஐந்து நிமிடம் ஏசியை நிறுத்தத் தெரிந்த குடும்பத்துக்கு 16 போதும். இரண்டு ஏசி என்றால் 32 வேண்டும், ஆனால் அதற்கு முன் ஜெட்டிக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஏரிக்கரை வீடுகளில் ஒற்றை பேஸ் இணைப்பு பெரும்பாலும் 30 அம்பியர்தான், அதிலேயே முழு வீடும் ஓடவேண்டும். அந்த லைனில் 32 அம்பியர் சொக்கட் வைப்பது வெறும் அலங்காரம்.

வாங்கும்போது பார்க்கவேண்டியது மூன்று. முதலாவது, பின். நல்லதில் பின் கடைந்தெடுத்த உருளையாக, நிக்கல் பூசி இருக்கும். போலியில் தகட்டைச் சுருட்டிச் செய்திருப்பார்கள், பக்கவாட்டில் கோடு தெரியும். பூச்சில்லாத பித்தளை உப்புக் காற்றில் பச்சை பிடிக்கும், பச்சை பிடித்தால் தடை கூடும். வெறும் 0.1 ஓம் தடை கூடினாலும் 16 அம்பியரில் பிளக்குக்குள் 25 வாட் வெப்பம் உண்டாகும். பிளாஸ்டிக் உருகிய பிளக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன, அல்லது இறுக்காமல் விட்ட ஸ்குரூவிலிருந்து. இரண்டாவது, மூடி. தூசியும் நீரும் எவ்வளவு புகாது என்று காட்டுவது ஐ.பி எண். ஐ.பி 44 என்றால் ஸ்பிரிங் மூடி, சாரலுக்குத் தாங்கும். ஐ.பி 67 என்றால் சுற்றி இறுக்கும் வளையம், தற்காலிகமாக நீருக்குள் போனாலும் தாங்கும். தென்மேல் பருவ மழை பக்கவாட்டில் அடிக்கும் ஜெட்டிக்கு 67 எடுங்கள். மூன்றாவது, கேபிள் பிடி. அது வெளிப்புற ரப்பர் உறையைக் கவ்வவேண்டும். உள்ளே இருக்கும் மூன்று வயரை மட்டும் பிடித்தால், படகு ஆடும் ஒவ்வொரு ஆட்டமும் ஸ்குரூவில்தான் விழும்.

மெனக்கீஸ், ஷ்னைடர், லெக்ராண்ட், ஏபிபி எல்லாம் நம்பலாம், ஒரிஜினலாக இருந்தால். பெயரை விடத் தரத்தின் எண், அம்பியர், ஐ.பி எண் மூன்றும் பிளாஸ்டிக்கிலேயே வார்த்திருக்கிறதா, ஸ்டிக்கரில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கர் என்றால் திருப்பி வைத்துவிடலாம்.

படகில் பொருத்தும் இன்லெட் என்பது பின் உள்ள ஆண் பக்கம். தெருவில் கிடைப்பது பிளாஸ்டிக் உடல், அடிக்கடி நாகம் பூசிய இரும்பு ஸ்குரூவோடு வரும். ஏரிக்கு அது போதும், ஸ்குரூவை மட்டும் ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றிக்கொள்ளலாம். கடலில் நிற்கும் படகுக்கு ரேஷியோ எலக்ட்ரிக், மரின்கோ போன்றவர்களின் ஸ்டெயின்லெஸ் இன்லெட்டை வெளிநாட்டிலிருந்து எடுப்பதில் அர்த்தம் உண்டு.

வீட்டு 13 அம்பியர் சதுரப் பின் பிளக்கிலிருந்து நீலத்துக்கு மாற்றும் குட்டை கேபிளை எந்தக் கடையிலும் கட்டித் தருவார்கள். அவசரத்துக்கு வைத்திருக்கலாம், சார்ஜரும் மின்விசிறியும் மட்டும் ஓட்ட. மணிக்கணக்கில் 10 அம்பியருக்கு மேல் எடுத்தால் அந்தப் பிளக்கிலுள்ள ஃபியூஸின் பிடி சூடேறும், மழைக்கும் அது செய்யப்பட்டதல்ல. இரண்டு முனையிலும் ஆண் பிளக் உள்ள கேபிளை மட்டும் எவர் கட்டித் தந்தாலும் வாங்காதீர்கள். 2022இன் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் ஜெனரேட்டரை வீட்டுச் சொக்கட்டில் குத்த இதைப் பலர் பழகிவிட்டார்கள். ஜெட்டியில் அது தடுக்கி விழுந்தால் 230 வோல்ட் உள்ள பின் தண்ணீருக்குள் போகும்.

கேபிள்

இங்கேதான் தெரு சறுக்குகிறது. 7/0.67 என்று கேட்டால் 2.5 சதுர மில்லிமீற்றர், 7/0.85 என்றால் 4, உள்நாட்டுக் கம்பனிகளின் தரமான செம்பு வயர். வீட்டுச் சுவருக்குள் போட அது அருமையான வயர். படகுக்கு ஆகாது. ஏழு தடித்த இழை, எஞ்சின் அதிர்விலும் அலை ஆட்டத்திலும் முனையில் ஒவ்வொன்றாக ஒடியும். ஒற்றை இழையான 1/1.13 அதைவிட மோசம். படகுக்கு மெல்லிய பல இழை வயர்தான் வேண்டும், ஒவ்வொரு இழையும் ஈயம் (வெள்ளீயம்) பூசியதாக இருந்தால் இன்னும் நல்லது. பூச்சில்லாத பல இழை வயரில் ஈரம் உறைக்குள் நெடுந்தூரம் ஊறிச் செம்பைக் கறுப்பாக்கும். பிறகு முனையை எவ்வளவு வெட்டினாலும் கறுப்பாகவே வரும்.

ஈயம் பூசிய படகு வயரை இந்தத் தெருவில் தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம். "வெள்ளி வயர்" என்று எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ஒலிபெருக்கி வயர், சிலவேளை செம்பு பூசிய அலுமினியம். சோதனை எளிது. ஒரு இழையைப் பிளேட்டால் சுரண்டுங்கள். வெளியே வெள்ளை, உள்ளே செம்பு நிறம் என்றால் ஈயம் பூசிய செம்பு. வெளியே செம்பு, உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம், அதை விட்டுவிடுங்கள்.

ஜெட்டியிலிருந்து படகுக்கு வரும் தொங்கு கேபிளுக்கு மட்டும் தெருவிலேயே நல்ல விடை இருக்கிறது. மூன்று கோர் ரப்பர் கேபிள், உறையில் எச்07ஆர்என்-எஃப் என்று அச்சிட்டது. வெயில், எண்ணெய், மிதிபடல் எல்லாவற்றுக்கும் தாங்கும். கறுப்பு பி.வி.சி கேபிளையும் ரப்பர் என்று விற்பார்கள். நகத்தால் அழுத்தினால் ரப்பரில் தடம் உடனே மறையும். இறுக்கி மடித்து விட்டால் பி.வி.சி மடிந்தபடி நிற்கும், ரப்பர் விரியும்.

அளவு: 16 அம்பியருக்கு 25 மீற்றர் வரை 2.5 சதுர மில்லிமீற்றர். போக வர 50 மீற்றர் செம்பு, தடை 0.4 ஓம், முழுச்சுமையில் ஏறக்குறைய 6.4 வோல்ட் இழப்பு. 1.5 எடுத்தால் அதே நீளத்தில் 10.6 வோல்ட் போகும். நம்முடைய 230 வோல்ட் லைனுக்கு மேலும் கீழும் 6 வீதம் அனுமதி உண்டு, அதாவது 216 வரை இறங்கலாம். 216இல் 10.6 போனால் ஏசி கொம்பிரசர் 205இல் கிளம்பவேண்டும். கிளம்பாமல் முனகிச் சூடேறுவதற்குக் காரணம் பலவேளை இந்த மெலிந்த கேபிள்தான், கொம்பிரசரில் பிழை இருக்காது. 32 அம்பியருக்கு 6 சதுர மில்லிமீற்றர் எடுங்கள். மிஞ்சிய கேபிளை ரீலில் சுற்றியபடி பாவிக்கவேண்டாம், சுருளின் நடுப்பகுதி வெப்பத்தை வெளிவிட வழியின்றி உறை உருகும். எட்டாய் மடித்துத் தரையில் போடுங்கள்.

ட்ரிப் சுவிட்ச்சும் எர்த்தும்

நம் நாட்டு வீட்டு வயரிங்கில் எர்த் என்பது அந்தந்த வீட்டு வளவில் அடித்த கம்பி. அந்தக் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே 50 ஓம் தடை இருப்பதாக வையுங்கள். படகில் ஒரு ஹீட்டரின் லைவ் வயர் உலோகத்தைத் தொட்டால் எர்த் வழியே ஓடக்கூடியது 230 வகுத்தல் 50, அதாவது 4.6 அம்பியர். 16 அம்பியர் பிரேக்கர் இதைக் கண்டுகொள்ளவே மாட்டாது. புரொப்பெல்லர் தண்டு வரை 230 வோல்ட்டோடு படகு அமைதியாக நிற்கும். இதை நிறுத்தக்கூடியது 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் மட்டுமே, லைவில் போன கரண்ட்டில் அவ்வளவு நியூட்ரலில் திரும்பாவிட்டாலே அது வெட்டும். ஆகவே ஜெட்டிப் பெட்டியில் பிரேக்கரை விட இதுதான் முக்கியம்.

ஏரிக்காரர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மனித உடல் நன்னீரை விட நல்ல கடத்தி. கசியும் கரண்ட் உப்புக் கடலில் ஆளைச் சுற்றிப் போகும், நன்னீரில் ஆளுக்குள்ளால் போகும். 10 மில்லி அம்பியரைத் தாண்டினாலே தசை இறுகி நீந்தமுடியாமல் போய்விடும். மழைக்காலத்துப் பொல்கொடையில், பாணந்துறையில் கடலோடு சேரும் வாயிலிலிருந்து தள்ளி, நீர் பெரிதும் நன்னீர்தான். கரண்ட் இணைத்திருக்கும் ஜெட்டியோரம் பிள்ளைகளைக் குளிக்க விடவேகூடாது, எந்த ட்ரிப் சுவிட்ச் இருந்தாலும்.

தெருவில் ட்ரிப் சுவிட்ச் தாராளம். ஆனால் முன்முகத்தில் உள்ள சின்னத்தைப் பாருங்கள். கட்டத்துக்குள் ஒற்றை அலை மட்டும் இருந்தால் அது ஏசி வகை (இங்கே ஏசி என்பது மாறுமின்னோட்டம், குளிரூட்டி அல்ல). அலைக்குக் கீழே இன்னொரு கோட்டில் அரை மேடுகள் இருந்தால் ஏ வகை. சார்ஜர், இன்வேர்ட்டர் ஏசி, வோஷிங் மெஷின் எல்லாம் இலத்திரனியல் சாமான், கசிவு அரை அலையாக வரலாம், ஏசி வகை அதைத் தவறவிடும். படகுக்கு ஏ வகை கட்டாயம் என்பதே எங்கள் நிலைப்பாடு. கேட்டால் பின்னறையிலிருந்து எடுத்துத் தருவார்கள், இல்லாவிட்டால் அடுத்த கடை. பிரேக்கரும் ட்ரிப்பும் ஒன்றாய் வரும் ஆர்.சி.பி.ஓ எடுப்பதென்றால் லைவ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் இரண்டு போல் வகைதானா என்று பாருங்கள். ஒற்றை மொடியூல் அகலத்தில் வரும் பலவற்றில் நியூட்ரல் வெட்டப்படுவதில்லை. ஜெட்டியில் யாரோ லைவையும் நியூட்ரலையும் மாற்றிக் கட்டியிருந்தால், ஓஃப் செய்த பிறகும் படகுக்குள் லைவ் இருக்கும்.

ஐ.இ.சி 60364 தரத்தின் மரீனா பகுதியான 709 சொல்வது தெளிவு: ஒவ்வொரு சொக்கட்டுக்கும் தனித்தனி 30 மில்லி அம்பியர் ட்ரிப், தனித்தனி பிரேக்கர், ஒரு சொக்கட்டில் ஒரு படகு, ஒரு பெட்டிக்குள் நான்கு சொக்கட்டுக்கு மேல் வேண்டாம், உயர்ந்த நீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது 1 மீற்றர் உயரம். மிதக்கும் ஜெட்டி என்றால் சாரல் பாதுகாப்போடு 300 மில்லிமீற்றர் வரை இறக்கலாம். நான்கு படகுக்கு ஒரே ட்ரிப் சுவிட்ச் வைத்தால் என்ன நடக்கும்? 30 மில்லி அம்பியர் சுவிட்ச் 15க்கு மேல் எங்கும் விழலாம். ஒவ்வொரு சார்ஜரின் ஃபில்டரும் சில மில்லி அம்பியர் எர்த்துக்குக் கசியவிடும், அது பழுதல்ல. நான்கு படகின் கசிவும் சேர்ந்து இரவில் ட்ரிப் விழும். காலையில் ஒருவர் வந்து அதை பைபாஸ் செய்துவிட்டுப் போவார்.

வீட்டு மெயின் ட்ரிப்பும் ஜெட்டி ட்ரிப்பும் இரண்டும் 30 மில்லி அம்பியர் என்றால் எது முதலில் விழும் என்று சொல்லமுடியாது. ஜெட்டி லைனை வீட்டு ட்ரிப்புக்கு முன்னாலிருந்து, 100 மில்லி அம்பியர் தாமத வகை ஒன்றின் கீழ் தனியே எடுப்பதுதான் முறை. இதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனிடமே கொடுங்கள்.

இனி எர்த் வயரின் மற்றப் பக்கம். கரை எர்த் படகுக்குள் வந்ததும், உங்கள் படகும் பக்கத்துப் படகும் கரையில் அடித்த செப்புக் கம்பியும் ஒரே வயரில் சேர்ந்து, தண்ணீரை அமிலமாகக் கொண்ட ஒரு பெரிய பற்றரி ஆகிவிடும். உங்கள் நாக அனோட், அதாவது தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காக்கப் படகில் பூட்டும் கட்டி, கரைந்து பக்கத்துப் படகைக் காப்பாற்றும். அது முடிந்ததும் உங்கள் புரொப்பெல்லரும் அலுமினிய அவுட்டிரைவும் கரையத் தொடங்கும். இதற்கு ஜெட்டிகளில் சொல்லப்படும் வைத்தியம், "எர்த் வயரை வெட்டிவிடுங்கோ அண்ணை, அரிப்பு நிற்கும்." நிற்கும்தான். பிழை வந்தால் கரண்ட் போக வழி தண்ணீர் மட்டுமே, அந்தத் தண்ணீரில் யார் நின்றாலும். எர்த்தை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டக்கூடாது.

சரியான சாமான் கல்வானிக் ஐசோலேட்டர். எர்த் வயரில் தொடராக வரும் இரண்டிரண்டு டயோட், இரு திசைக்கும். 1.2 வோல்ட் அளவிலான சிறு டி.சி வோல்ட்டேஜை மறிக்கும். அரிப்பைத் தரும் வேறுபாடு வழக்கமாக அதற்குக் கீழேதான். உண்மையான பிழைக் கரண்ட்டை முழுதாக விடும். விக்ட்ரான் கம்பனியின் வி.டி.ஐ-16, வி.டி.ஐ-32 இரண்டும் இந்த வேலைக்கான எளிய, அசையும் பாகமில்லாத பெட்டிகள். இன்லெட்டிலிருந்து வந்ததும் முதல் சாமானாக, வேறெந்த எர்த் இணைப்புக்கும் முன்னால் வைக்கவேண்டும். வைத்த பிறகு ஜெட்டியின் இரும்புச் சங்கிலியோ அலுமினிய ஏணியோ படகின் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஐசோலேட்டர் வீண், எர்த் அதைச் சுற்றி வந்துவிடும்.

முதலாம் குறுக்குத் தெருவில் இதைக் கேட்டால் 50 அம்பியர் பிரிட்ஜ் ரெக்டிஃபயர் ஒன்றை எடுத்து, பிளஸ்ஸையும் மைனஸையும் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். சுற்றாகப் பார்த்தால் அது சரியே, இரு திசையிலும் இரண்டு டயோட் கிடைக்கும். வித்தியாசம் பிழை வரும் நொடியில் தெரியும். எர்த் தடை மிகக் குறைந்த மரீனாவில் ஷோர்ட் சேர்க்கிட்டில் வரும் ஆயிரக்கணக்கான அம்பியரை, பிரேக்கர் விழும் வரை தாங்கும்படி படகு ஐசோலேட்டர் செய்யப்படுகிறது. ரெக்டிஃபயர் வெடித்துத் திறந்துகொண்டால், எர்த் போனது யாருக்கும் தெரியாமல் படகு ஓடிக்கொண்டிருக்கும். சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல. ஏற்கெனவே பொருத்தியிருந்தால் கரை கேபிளைக் கழற்றிவிட்டு மல்டிமீற்றரின் டயோட் நிலையில் இரு திசையிலும் அளந்து பாருங்கள். 0.9 வோல்ட் அளவு காட்டினால் நல்லது. பூச்சியம் என்றால் டயோட் ஷோர்ட், அரிப்பைத் தடுக்காது. இரு பக்கமும் ஒன்றும் காட்டாவிட்டால் எர்த் அறுந்துவிட்டது, அன்றைக்கே கழற்றுங்கள்.

இரும்பு அல்லது அலுமினிய உடல் உள்ள படகுக்கு ஐசோலேட்டரை விட ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபோமர் மேல். கரை எர்த் ட்ரான்ஸ்ஃபோமரின் தடுப்புத் தகட்டோடு நின்றுவிடும், படகுக்குள் புது நியூட்ரல் பிறக்கும். அதைப் படகு எர்த்தோடு ஒரே இடத்தில் சேர்த்து, அதற்குப் பின் படகின் சொந்த ட்ரிப் சுவிட்ச். கரையில் லைவும் நியூட்ரலும் மாறியிருந்தாலும் கவலையில்லை. 3.6 கிலோவாட் ஒன்று 20 கிலோவுக்கு மேல் கனக்கும், தாழ்வாக வைக்கவேண்டும். கொழும்பில் மோட்டர் வைண்டிங் செய்யும் இடங்களில் இதைச் சுற்றித் தரச் சொல்லலாம், சுற்றும் வேலை நன்றாகவே இருக்கும். ஆனால் இரண்டு சுருளுக்கும் நடுவே எர்த் செய்த செப்புத் தகடு வேண்டும் என்று எழுதியே கொடுங்கள், ஸ்டெபிலைசர் போல ஒரே சுருளில் சுற்றிய ஓட்டோ ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டாம் என்பதையும். பெட்டியைத் திறந்து முதல் சுருளுக்கும் இரண்டாம் சுருளுக்கும் இடையே மல்டிமீற்றரில் தொடர்ச்சி இல்லை என்று பார்த்த பிறகே காசு கொடுங்கள். ஓன் செய்யும் கணத்தில் பெரிய கரண்ட் இழுக்கும், அதனால் கரையில் பி வகை பிரேக்கர் சும்மா விழும். சி வகை போடுங்கள்.

அனோட்டைப் பொறுத்தவரை ஒரு வரி: கடலுக்கு நாகம் அல்லது அலுமினியம், கலப்பு நீருக்கு அலுமினியம், சுத்த நன்னீருக்கு மக்னீசியம்.

பற்றரிப் பக்கம்

2022 மின்வெட்டுக்குப் பிறகு இன்வேர்ட்டர் கடைகள் பெருகிவிட்டன, தெரிவு தாராளம். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததாகச் சொல்லி நாடே இருண்ட பிறகு இன்னும் கொஞ்சம். சும்மா ஒரு லாம்பும் மின்விசிறியும் ஓட்ட எதுவும் சரி. அந்த இன்வேர்ட்டரின் வெளியீட்டைப் படகின் 230 வோல்ட் பெட்டியோடு சேர்ப்பதென்றால், கரையும் இன்வேர்ட்டரும் ஒருபோதும் சந்திக்காதபடி 1-0-2 என்ற மூன்று நிலை, இரண்டு போல் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் நடுவில் வேண்டும். இது முதலாம் குறுக்குத் தெருவில் நல்லதாகவே கிடைக்கும், 40 அம்பியர் எடுங்கள். விக்ட்ரானின் மல்டிப்ளஸ் போன்ற படகு இன்வேர்ட்டர்கள் இதைத் தானே செய்யும், கரைக் கரண்ட் போனதும் நியூட்ரலையும் எர்த்தையும் உள்ளேயே சேர்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் இன்வேர்ட்டரில் ஓடும்போது ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யாது. ஜெட்டி பலவீனம் என்றால் கரையிலிருந்து 6 அம்பியருக்கு மேல் எடுக்காதே என்று அதில் அமைக்கலாம், மிச்சத்தைப் பற்றரியிலிருந்து கொடுக்கும். விலை அதிகம், ஆனால் படகு வீட்டுக்கு அந்த ஒரு வசதிக்காகவே அது தகும்.

12 வோல்ட்டில் 3000 வி.ஏ என்றால் 280 அம்பியர் வரை வரும். அந்த அளவு மல்டிப்ளஸ்ஸின் கையேடு 5 மீற்றர் வரை 50 சதுர மில்லிமீற்றர் கேபிள் இரண்டிரண்டாகவும், 400 அம்பியர் ஃபியூஸும் கேட்கிறது. தெருவில் இதற்கு வெல்டிங் கேபிள் தருவார்கள். இழை மெல்லிசு, வளையும், குறுகிய ஓட்டத்துக்குப் பரவாயில்லை. உலர்ந்த பெட்டிக்குள், முனையைப் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்கால் மூடினால் பாவிக்கலாம். கேபிள் முனையில் வரும் லக்கைச் சுத்தியலால் அடித்துப் பொருத்துபவரிடம் கொடுக்காதீர்கள். ஆறுமுக ஹைட்ரோலிக் அச்சு உள்ள கடையில் அழுத்திக் கொடுப்பார்கள், சாமானை அங்கேயே வாங்கினால் பேரம் பேசத் தேவையில்லாத கூலி. ஈயப்பற்று மட்டும் வைத்து ஒட்டிய லக் சூடேறினால் கழன்று விழும்.

ஃபியூஸில் கவனம். கார் ஓடியோக்கு விற்கும் கண்ணாடி மூடியுள்ள ஏ.என்.எல் ஃபியூஸ்களில் எவ்வளவு ஷோர்ட் கரண்ட்டை வெட்டமுடியும் என்று எழுதியே இருக்காது. நல்ல ஏ.என்.எல்லே 32 வோல்ட்டில் 6,000 அம்பியர்தான் வெட்டும், கிளாஸ் ரி என்ற வகை ஃபியூஸ் 20,000. லிதியம் பற்றரி பல ஆயிரம் அம்பியரை ஒரே கணத்தில் கொட்டும், அப்போது பலவீனமான ஃபியூஸ் எரிந்தாலும் நடுவே தீப்பொறி தொடர்ந்து ஓடும். கிளாஸ் ரி இங்கே கடையில் கிடைப்பதில்லை. அதற்குப் பதில், தொழிற்சாலைகளுக்கு விற்கும் கத்தி முனை எச்.ஆர்.சி ஃபியூஸும் அதன் பிடியும் பெரிய கடைகளில் உண்டு. உடலில் டி.சி வோல்ட்டும் வெட்டும் அளவும் அச்சிட்டிருந்தால் தாராளமாகப் போடலாம். தெருவின் பொருளே இறக்குமதியை வெல்லும் ஒரே இடம் இது.

சூரியப் பலகைக்கென விற்கும் டி.சி பிரேக்கர்களில் பிளஸ், மைனஸ் குறியிட்டவை உண்டு. மாறிக் கட்டினால் சுமையோடு திறக்கும்போது உள்ளே தீப்பிடிக்கும். பற்றரி பக்கம் இரு திசையிலும் கரண்ட் ஓடும் என்பதால் அங்கே குறியில்லாத வகைதான் சரி.

லாம்ப், யூ.எஸ்.பி, சுவிட்ச் வகையறா எதை எடுத்தாலும் சரி. ஐ.பி 65 சாம்பல் நிறப் பெட்டி மலிவு, கேபிள் நுழையும் கிளாண்டுக்கு எப்போதும் அடிப்பக்கம் துளையுங்கள். ஸ்டெயின்லெஸ் ஆணிக்குப் பழைய சோனகத் தெரு. உப்பு நீருக்கான 316 வகை என்று சொல்லிக் காந்தத்தை வைத்துக் காட்டுவார்கள். காந்தம் 304ஐயும் 316ஐயும் பிரிக்காது. சிலிக்கன் கிரீஸ் பஞ்சிகாவத்தையில், மோட்டர் சாமான் கடைகளில்.

எல்லாம் கட்டி முடிந்ததும் படகைத் தொடாமல் ஜெட்டி சொக்கட்டில் அளந்து பாருங்கள். லைவ்-நியூட்ரல் 216இலிருந்து 244க்குள். லைவ்-எர்த் ஏறக்குறைய அதே. நியூட்ரல்-எர்த் ஓரிரு வோல்ட். லைவ்-எர்த் பூச்சியமும் நியூட்ரல்-எர்த் 230உம் காட்டினால் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். அடுத்து, கரை கேபிளைக் கழற்றி இன்வேர்ட்டரை ஓன் செய்து, படகு இன்லெட்டின் பின்களில் அளங்கள். பூச்சியம் வரவேண்டும். வேறு எது வந்தாலும் சேஞ்ச் ஓவர் பிழை, அந்தப் பின்னைத் தொடுபவர் ஆபத்தில். இணைக்கும்போது பிரேக்கர் ஓஃப், முதலில் படகு முனை, பிறகு ஜெட்டி முனை. கழற்றும்போது ஜெட்டி முதலில். மாதம் ஒருமுறை ட்ரிப் சுவிட்ச்சின் பொத்தானை அழுத்துங்கள், ஒருமணி நேரம் ஏசி ஓடிய பிறகு பிளக்கைக் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாவிட்டால் ஸ்குரூ தளர்ந்திருக்கிறது.

கடைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஞாயிறு பெரும்பாலும் பூட்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் பல கடைகள் மூடும், அதற்கு முன் முடித்துவிடுங்கள். பில்லில் வெறும் "பிரேக்கர்" என்று எழுதவிடாதீர்கள், மொடல் எண்ணும் வகையும் எழுதச் சொல்லுங்கள், மாற்றக் கொண்டுபோனால் அதைத்தான் பார்ப்பார்கள். ட்ரிப் சுவிட்ச், பிரேக்கர், சொக்கட் எல்லாம் பெட்டி கிழியாமல் இருந்தால் மாற்றித் தருவார்கள். மீற்றர் கணக்கில் வெட்டிய கேபிளை எந்தக் கடையும் திருப்பி எடுப்பதில்லை. ஆகவே இழையைச் சுரண்டிப் பார்ப்பது ரீலில் இருக்கும்போதே.